உச்சியில் நிற்கும் பந்தின் முடுக்கம் எவ்வளவு?

ஒரு பந்தை நேர் மேலே எறிகிறோம். அது ஏறுகிறது, வேகம் தளர்கிறது, உச்சியைத் தொட்டு ஒரு கணம் நிற்கிறது, பிறகு இறங்குகிறது. உச்சியில் அதன் திசைவேகம், அதாவது திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம், எவ்வளவு? சுழியம். இதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அடுத்த கேள்வி: அதே உச்சியில், அதே கணத்தில், அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், எவ்வளவு?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரங்களில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியலும் கணிதமும் சொல்லித்தருகிறேன். புதிதாக வருபவர்களிடம் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன். பெரும்பாலானவர்கள் தயங்காமல் "சுழியம்" என்கிறார்கள். பத்தாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண் எடுத்தவர்களும் அப்படியே சொல்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள், புதுச்சேரிப் பக்கமிருந்து மத்தியப் பாடத்திட்டத்தில் படித்து வருபவர்கள் என்ற வேறுபாடு இதில் இல்லை.

சரியான விடை, ஒவ்வொரு விநாடிக்கும் திசைவேகம் விநாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கீழ்நோக்கி மாறுகிறது என்பதே. பந்து கையை விட்ட கணத்திலிருந்து மீண்டும் கைக்கு வரும் கணம் வரை முடுக்கம் இந்த ஒரே அளவில்தான் இருக்கிறது. உச்சிக்கு மட்டும் விலக்கு கிடையாது. (காற்றின் தடையை இங்கே சேர்க்கவில்லை, கிரிக்கெட் பந்து போன்ற கனமான பந்துக்கு, கையால் எறியும் உயரத்துக்கு, அது பெரிய வேறுபாட்டைத் தராது.)

ஏற்க மனம் வரவில்லை என்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். உச்சியில் திசைவேகமும் சுழியம், முடுக்கமும் சுழியம் என்றே வைத்துக்கொள்வோம். திசைவேகம் சுழியம் என்றால் பந்து அசையவில்லை. முடுக்கமும் சுழியம் என்றால் அந்த அசையாமையை மாற்ற அங்கே எதுவும் இல்லை. அப்படியானால் பந்து அந்தரத்திலேயே தங்கிவிட வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் இழுக்கிற பூமி, நடுவில் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் இழுக்காமல் விட வேண்டும்?

இயற்பியலிலும் கணிதத்திலும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தும் பல குழப்பங்கள் இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒன்று இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு விரைவாக மாறிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவது கேள்விக்கும் எழுதிவிடுவதுதான் பந்துக் கணக்கில் நடந்தது.

வீராணம் சொல்லும் கணக்கு

மழைக்காலத்தில் நம் மாவட்டச் செய்திகளில் தவறாமல் ஒரு வரி வரும். வீராணம் ஏரியின் நீர்மட்டம் இத்தனை அடி; ஏரிக்கு விநாடிக்கு இத்தனை கன அடி நீர் வந்துகொண்டிருக்கிறது; விநாடிக்கு இத்தனை கன அடி வெளியேற்றப்படுகிறது. காட்டுமன்னார்கோவில் பக்கத்து விவசாயி ஒருவர் இந்த வரியைப் படித்த மாத்திரத்தில் நிலைமையைப் புரிந்துகொண்டுவிடுவார். நீர்மட்டம் அளவைச் சொல்கிறது. வரத்தும் வெளியேற்றமும் வீதத்தைச் சொல்கின்றன. இரண்டும் வேறு என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்தத் தெளிவைத்தான் வகுப்பறைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

வீராணத்தின் முழு நீர்மட்டம் 47.5 அடி, முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது. பாசன மதகுகள் வழியாகவும், சென்னைக் குடிநீருக்கான குழாய் வழியாகவும், மிகுந்துபோனால் வெள்ளியங்கால் ஓடை வழியாகவும் வெளியேறுகிறது. வருவதில் போவதைக் கழித்தால் கிடைப்பது நிகர வீதம். இதை வைத்துச் சில நிலைகளைக் கற்பனை செய்து பார்ப்போம்.

ஏரி நிரம்பியிருக்கிறது. 900 கன அடி வருகிறது, 900 கன அடி போகிறது. அளவு உச்சத்தில் இருக்க, மாறும் வீதம் சுழியம். இனி, கோடையில் வறண்டு கிடக்கும் ஏரிக்கு முதன்முதலாக 1,500 கன அடி வந்து சேரும் அந்தத் தொடக்கக் கணத்தை எண்ணிப் பாருங்கள். அளவு ஏறத்தாழ சுழியம். வீதமோ 1,500. ஏரி காலியாக இருப்பதால் தண்ணீரே வரவில்லை என்று யாராவது சொல்வார்களா? உச்சியில் நிற்கும் பந்து இந்த நிலையில்தான் இருக்கிறது. திசைவேகம் என்ற ஏரி அந்தக் கணத்தில் காலி. ஆனால் முடுக்கம் என்ற மதகு திறந்தே இருக்கிறது.

இன்னும் நுட்பமான நிலை ஒன்று உண்டு. நேற்று 1,500 கன அடி வந்தது. இன்று 1,200ஆகக் குறைந்துவிட்டது. வெளியேற்றம் இரு நாளும் 600. நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? "வரத்து குறைந்துவிட்டது, அதனால் இறங்கும்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். வருவது இன்னமும் போவதைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. எனவே மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். முன்பைவிட மெதுவாக ஏறும், அவ்வளவுதான். வரத்து 600ஆக இறங்கும் நாளில்தான் மட்டம் உச்சத்தை எட்டும். வெள்ளத்தின் உச்சமும் மட்டத்தின் உச்சமும் ஒரே நாளில் வராததன் காரணம் இதுவே.

வெயிலிலும் இதே கதைதான். சூரியனிடமிருந்து வெப்பம் மிக அதிகமாக வந்து சேர்வது நண்பகலில். ஆனால் விருத்தாசலம் போன்ற உள்நாட்டு ஊர்களில் வெயில் வாட்டுவது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு. நண்பகலுக்குப் பிறகு வரும் வெப்பம் குறையத் தொடங்கினாலும், தரை இழப்பதைவிட அது அதிகமாக இருக்கும்வரை சூடு ஏறிக்கொண்டிருக்கும். கடலூரிலும் புதுச்சேரியிலும் நடுவே கடற்காற்று நுழைந்து இந்தக் கணக்கைக் கலைத்துவிடும்.

ஏரிக்கு நிகரமாக விநாடிக்கு 1,000 கன அடி வந்தால், ஒரு நாளில் எவ்வளவு சேரும்? ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். ஆக 86.4 மில்லியன் கன அடி. வெறும் ஏரி நிரம்ப ஏறத்தாழ 17 நாள் ஆகும். வீதத்தை நேரத்தோடு பெருக்கிச் சேர்த்துக்கொண்டே போனால் அளவு கிடைக்கிறது. அளவில் ஏற்பட்ட மாற்றத்தை நேரத்தால் வகுத்தால் வீதம் கிடைக்கிறது. தொகையிடல், வகையிடல் என்று மேல்நிலை வகுப்பில் அச்சமூட்டும் குறியீடுகளோடு வரும் இரண்டும் அடிப்படையில் இவ்விரு செயல்களே.

அக்கம்பக்கம் பார்க்க வேண்டும்

இனிப் பந்துக்கு எண்களைக் கொடுப்போம். கணக்கு எளிதாக இருக்க 9.8ஐ 10 என்று கொள்வோம். மேல்நோக்கிய திசை நேர்க்குறி. பந்தை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். எறிந்த கணத்திலும், பிறகு ஒவ்வொரு விநாடியின் முடிவிலும் அதன் திசைவேகம்: 20, 10, 0, −10, −20. உயரம்: 0, 15, 20, 15, 0 மீட்டர். திசைவேக வரிசையை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். அடுத்தடுத்த எண்களுக்கு இடையே எப்போதும் பத்துதான் குறைகிறது. சுழியத்தைக் கடக்கும் இடத்திலும் அந்த ஓட்டம் தடைபடவில்லை.

உச்சியில் முடுக்கம் காண, அந்த ஒரு கணத்தின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது சுழியம் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. சற்று முன்னும் சற்றுப் பின்னும் பார்க்க வேண்டும். 1.9ஆவது விநாடியில் திசைவேகம் +1. 2.1ஆவது விநாடியில் −1. இடைப்பட்ட 0.2 விநாடியில் மாற்றம் −2. வகுத்தால் −10. வீதம் ஒரு புள்ளியின் மதிப்புக்குள் ஒளிந்திருப்பதில்லை. அந்தப் புள்ளியின் அக்கம்பக்கத்தில்தான் அது தெரியும்.

கணித வகுப்பில் இதே தவறு வேறு உருவில் வரும். எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழுவை (அது மாறும் வீதத்தை), எக்ஸ் 3 ஆக இருக்கும் இடத்தில் காண்க என்று கேட்டால், சில பிள்ளைகள் முதலில் 3ஐப் பிரதியிடுகிறார்கள். 9 வருகிறது. 9 ஒரு மாறிலி. மாறிலியின் வகைக்கெழு சுழியம். எனவே விடை சுழியம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு படியும் விதிப்படி இருப்பதுபோல் தோன்றுவதால் தவறு எங்கே என்று அவர்களுக்குப் புரிவதில்லை. ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டு நகர்ந்துவிட்டால் கடைசிவரை புரிவதே இல்லை. பிரதியிட்ட கணத்தில் அக்கம்பக்கம் முழுவதையும் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்பதுதான் தவறு. 2.9இன் வர்க்கம் 8.41. 3.1இன் வர்க்கம் 9.61. வேறுபாடு 1.2, இடைவெளி 0.2, வகுத்தால் 6. வகையிடல் விதியும் 2 எக்ஸ், அதாவது 6 என்றுதான் தருகிறது. முதலில் வகையிட வேண்டும், பிறகே பிரதியிட வேண்டும் என்ற வரிசைக்குக் காரணம் இது. காரணம் தெரியாமல் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவர் தேர்வு அறையில் அதை மறந்துவிடுவார்.

மறுதிசைக் குழப்பமும் உண்டு. வகைக்கெழு சுழியமானால் அங்கே பெருமமோ சிறுமமோ கட்டாயம் இருக்கும் என்று எண்ணுவது. எக்ஸ் கனத்துக்கு, எக்ஸ் 0 ஆகும் இடத்தில் வகைக்கெழு சுழியம்தான். ஆனால் வரைபடம் அங்கே சற்றுச் சமதளமாகிவிட்டு மீண்டும் மேலேயே போகிறது. −0.1க்கு −0.001, 0.1க்கு 0.001. உச்சியும் இல்லை, பள்ளமும் இல்லை.

அளவு உச்சத்தை எட்டும்போது வீதம் சுழியமாவதைக் கண்ணால் பார்க்க, கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் நல்ல வசதி இருக்கிறது: கிழக்கே கடல். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் எப்போதும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, தொடுவானத்தில் சூரியன் எழும் புள்ளியை ஆண்டு முழுவதும் கவனித்துப் பாருங்கள். மார்ச்சு மாதப் பிற்பகுதியில் அது நாளுக்கு நாள் வடக்கே நகர்வது தெரியும். ஒரு நாளில் ஏறத்தாழ சூரிய வட்டின் அகலத்தில் முக்கால் பங்கு அளவுக்கு நகர்ந்துவிடும். ஜூன் 21ஐ நெருங்கும்போது நகர்வு குறைந்துகொண்டே வந்து, அந்தத் தேதியை ஒட்டிய சில நாட்களில் அசைவதே தெரியாது. சரியாகக் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே போய்விட்ட நிலை அது. இடம் உச்சத்தில், நகரும் வேகம் சுழியம். பிறகு தெற்கே திரும்பும். நின்றது திரும்புகிறது என்றாலே வேகம் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சொல்லப்போனால் அந்தத் திருப்பத்தில்தான் வேகத்தின் மாற்றம் மிக அதிகம்; வேகம் மிகுந்திருக்கும் மார்ச்சு மாதத்தில் அந்த மாற்றம் மிகக் குறைவு. ஓராண்டு முழுக்கக் குறித்துவைத்தால் அலைபோல ஏறி இறங்கும் ஓர் அழகான சைன் வளைவரை கிடைக்கும். (சூரியனை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம், விளிம்பு எட்டிப்பார்க்கும் கணத்தில் திசையைக் குறித்துக்கொண்டால் போதும்.)

கழித்தல் குறி

இதில் அதிக நேரம் நிற்கத் தேவையில்லை. ஆனால் மதிப்பெண்ணைப் பறிப்பதில் இதற்கு ஈடு இல்லை. முடுக்கம் −10 என்று பார்த்ததும் "வேகம் குறைகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். மேலே சொன்ன வரிசையில் நான்காவது விநாடியைப் பாருங்கள். முடுக்கம் −10தான். ஆனால் பந்தின் வேகம் 10லிருந்து 20ஆகக் கூடுகிறது. கழித்தல் குறி திசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறி கொண்டிருந்தால் வேகம் கூடும். வெவ்வேறு குறி கொண்டிருந்தால் குறையும். கீழ்நோக்கிய திசையை நேர்க்குறி என்று கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். குறிகள் எல்லாம் மாறும். பந்துக்கு நடப்பது மாறாது.

சமனின்மையை, அதாவது ஒன்று இன்னொன்றைவிடப் பெரியது என்ற கூற்றை, −1ஆல் பெருக்கினால் குறி ஏன் திரும்புகிறது என்பதும் இதைச் சேர்ந்ததே. 2ஐவிட 5 பெரியது. எண்கோட்டைச் சுழியத்தை மையமாக வைத்துத் திருப்பிப்போட்டால், முன்பு வலப்பக்கம் தள்ளி நின்ற 5, இப்போது −5ஆக இடப்பக்கம் தள்ளி நிற்கும். எனவே −2 பெரியது.

கையின் விசை எங்கே போயிற்று?

பந்துக் கேள்விக்குச் சுழியம் என்று விடை சொன்னவர்களிடம் நான் கேட்கும் அடுத்த கேள்வி: பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியிட்டு வரையுங்கள். இங்கேதான் குழப்பத்தின் அடிவேர் வெளியே வரும். கீழ்நோக்கி ஒன்று வரைவார்கள், பூமியின் ஈர்ப்பு. மேல்நோக்கி இன்னொன்றும் வரைவார்கள். அது என்ன என்று கேட்டால், "கை கொடுத்த விசை" என்பார்கள். பந்து ஏற ஏற அந்த விசை தீர்ந்துகொண்டே வரும், உச்சியில் ஈர்ப்புக்குச் சமமாகிவிடும், அதனால் அங்கே எல்லாம் சுழியம் என்பது அவர்கள் மனத்தில் ஓடும் கதை.

இந்தக் கதையை மட்டம் தட்டக் கூடாது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஜான் ஃபிலோபோனஸ், எறிபவர் ஓர் ஆற்றலைப் பொருளுக்குள் பதித்துவிடுகிறார் என்று எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த ழான் புரிடான் அதை விரிவான கோட்பாடாக வளர்த்தார். அந்த எண்ணத்தைக் கடந்துவர கலிலியோவின் சோதனைகளும், 1687இல் வெளியான நியூட்டனின் இயக்க விதிகளும் தேவைப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெரிய மூளைகளை ஆட்கொண்டிருந்த ஓர் எண்ணம் பதினாறு வயதுப் பிள்ளையிடம் இருப்பது அறிவுக் குறைவு ஆகாது. 1992இல் அமெரிக்காவில் இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனிஸும் உடன் இருவரும், கணக்கே போடத் தேவையில்லாத எளிய கேள்விகளால் ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். இயக்க விதிகளைப் படித்து முடித்த கல்லூரி மாணவர்களில் பலரிடமும் இந்தப் பழைய எண்ணம் அப்படியே இருப்பது அதில் தெரியவந்தது. பாடத்தை நடத்திவிட்டால் மட்டும் இது போய்விடாது. நேருக்கு நேர் எடுத்துப் பேச வேண்டும்.

பந்து கையில் இருக்கும்வரை கை தள்ளியது உண்மை. கையை விட்டுப் பிரிந்த பிறகு கை அதைத் தொடவில்லை. தொடாத கை தள்ள முடியாது. பந்தோடு போவது விசை அல்ல, திசைவேகம். அந்தத் திசைவேகத்தை ஈர்ப்பு ஒன்று மட்டுமே ஒவ்வொரு கணமும் மாற்றிக்கொண்டிருக்கிறது. எனவே சரியான படத்தில் ஒரே ஓர் அம்புதான் இருக்க வேண்டும், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும்.

விசை எதோடு தொடர்புடையது என்பதே இங்குள்ள முடிச்சு. வேகம் அதிகமாக இருந்தால் விசையும் அதிகமாக இருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. நியூட்டன் சொன்னதோ, நிகர விசை திசைவேகம் மாறும் வீதத்தோடு தொடர்புடையது என்று. புதுச்சேரி பஸ் ரெட்டிச்சாவடியைத் தாண்டி நேரான சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் என்ற மாறாத வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதன்மேல் நிகர விசை சுழியம். எஞ்சினால் சக்கரங்கள் வழியே கிடைக்கும் முன்னோக்கிய தள்ளலும், காற்றும் சாலையும் தரும் எதிர்ப்பும் சரியாகச் சமம். ஓட்டுநர் 60க்கு ஏற்றும் அந்தச் சில விநாடிகளில்தான் தள்ளல் மிஞ்சியிருக்கும். 60ஐ எட்டி அங்கேயே நின்றுவிட்டால் மீண்டும் சமம். காற்றின் எதிர்ப்பு கூடியிருப்பதால் இரண்டும் முன்பைவிடப் பெரிய அளவில் சமமாகியிருக்கும். அதனால்தான் வேகமாக ஓட்டினால் டீசல் அதிகம் செலவாகிறது.

கிருமாம்பாக்கத்தில் ஓட்டுநர் சட்டென்று பிரேக் போடுகிறார். நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் சாய்கிறார்கள். அவர்களை முன்னால் தள்ளியது எது? எதுவும் தள்ளவில்லை. பஸ்ஸின் வேகம் குறைந்தது. பஸ்ஸின் தரையைத் தொட்டிருந்த பாதங்களின் வேகமும் குறைந்தது. உடலின் மேற்பகுதி பழைய வேகத்திலேயே தொடர்ந்தது. வளைவில் பஸ் இடப்பக்கம் திரும்பும்போது நாம் வலப்பக்கம் சாய்வதும் அதே காரணத்தால்தான். வளைவில் வேகமானி 40ஐக் காட்டி அசையாமல் நின்றாலும் பஸ்ஸுக்கு முடுக்கம் இருக்கிறது; திசை மாறுவதும் திசைவேகம் மாறுவதுதானே. விண்வெளி வீரர்கள் மிதப்பதற்கு ஈர்ப்பு இல்லாததே காரணம் என்பதும் இந்தக் குடும்பத்துத் தவறு. 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. வீரரும் கலமும் ஒரே முடுக்கத்தோடு பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கவாட்டு வேகம் மிக அதிகம் என்பதால் பூமியைத் தொடாமல் சுற்றி வருகிறார்கள்.

வீதங்களுக்குச் சராசரி காண்பது

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சாலைவழியே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கணக்குக்காக 24 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் போகும்போது மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்திலும், திரும்பும்போது 48 கிலோமீட்டர் வேகத்திலும் வண்டி ஓட்டுகிறார். சராசரி வேகம்? 24ஐயும் 48ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 36 என்பார்கள். போக ஒரு மணிநேரம். வர அரை மணிநேரம். 48 கிலோமீட்டரை ஒன்றரை மணியில் கடந்திருக்கிறார். சராசரி 32.

36 ஏன் தவறு? அவர் மெதுவான வேகத்தில் இருமடங்கு நேரம் இருந்திருக்கிறார். எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தே சராசரி அமையும். இரண்டு வேகங்களிலும் சமமான நேரம் ஓட்டியிருந்தால் 36 சரியாக இருந்திருக்கும். இங்கே சமமாக இருந்தது தொலைவு.

இதன் தொடர்ச்சியாக ஒரு கேள்வி கேட்பேன், வகுப்பு அமைதியாகிவிடும். போகும்போது மணிக்கு 24இல் போய்விட்டார். மொத்தப் பயணத்தின் சராசரி 48 ஆக வேண்டும் என்றால் திரும்பும்போது எவ்வளவு வேகத்தில் வர வேண்டும்? 72 என்று பல குரல்கள் எழும். போட்டுப் பாருங்கள். 48 கிலோமீட்டருக்குச் சராசரி 48 என்றால் மொத்த நேரம் ஒரு மணி. அந்த ஒரு மணியும் போகும்போதே தீர்ந்துவிட்டது. திரும்புவதற்கு அவரிடம் ஒரு விநாடிகூட மிச்சமில்லை. எவ்வளவு வேகமாக வந்தாலும் சராசரி 48ஐத் தொடாது.

சதவீதமும் ஒரு வீதம்தான். எதன்மேல் என்று கேட்காமல் அதைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. பண்ருட்டிக் கடையில் முந்திரிப் பருப்பு கிலோ 1,000 ரூபாய் என்று கொள்வோம். 20 சதவீதம் ஏறி 1,200 ஆகிறது. பிறகு 20 சதவீதம் இறங்குகிறது. பழைய விலைக்கு வராது; 960க்குப் போகும். ஏற்றம் 1,000த்தின் மேல் கணக்கிடப்பட்டது, இறக்கம் 1,200இன் மேல். "பணவீக்க விகிதம் குறைந்தது" என்ற செய்தியைப் படித்துவிட்டு, விலை குறைந்ததாகச் சொல்கிறார்களே, கடையில் அப்படி இல்லையே என்று கோபப்படும் பெரியவர்களும் இதில்தான் சிக்குகிறார்கள். விகிதம் 6இலிருந்து 4 ஆனால் விலை இன்னமும் ஏறுகிறது, முன்பைவிட மெதுவாக. வரத்து 1,500லிருந்து 1,200 ஆன வீராணம்தான் இது.

வாட், யூனிட்

வீதத்தைச் சொல்லும் அலகுகளில் பெரும்பாலும் "விநாடிக்கு", "மணிக்கு" என்று வெளிப்படையாக இருக்கும். அதனால் குழம்பும்போதெல்லாம் எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். மீட்டர், விநாடிக்கு மீட்டர், விநாடிக்கு விநாடி மீட்டர் என்று எழுதிவிட்டால் மூன்றும் மூன்று வேறு பொருள்கள் என்பது தாளிலேயே தெரிந்துவிடும். மின்சாரத்தில் இந்த உதவி கிடைக்காது. வாட் என்பதற்குள்ளேயே "விநாடிக்கு" மறைந்திருக்கிறது. ஒரு வாட் என்றால் விநாடிக்கு ஒரு ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு). ஆகவே வாட், கிலோவாட், மெகாவாட் எல்லாம் வீதங்கள். மின் கட்டணத்தில் வரும் யூனிட் என்பது கிலோவாட் மணி, அது அளவு.

நெய்வேலியின் புதிய அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் திறன் கொண்ட உற்பத்திப் பிரிவுகள் இரண்டு இருக்கின்றன. மொத்தம் 1,000 மெகாவாட். "ஒரு நாளைக்கு 1,000 மெகாவாட் உற்பத்தி" என்று யாராவது எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. "ஒரு நாளைக்கு, மணிக்கு 50 கிலோமீட்டர்" என்று சொல்வதற்குச் சமம் அது. முழுத்திறனில் 24 மணிநேரம் ஓடினால் 2.4 கோடி யூனிட் உற்பத்தியாகும் என்பது சரியான வாக்கியம்.

இதை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை அரை மணிநேரம் பயன்படுத்துகிறீர்கள். ஒரு முறைக்கு அரை யூனிட்; நான்கு வாரத்துக்கு 2 யூனிட். வாசலில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று இரவில் பத்து மணிநேரம் எரிகிறது. 30 நாளில் 300 மணிநேரம், 2,700 வாட் மணி, அதாவது 2.7 யூனிட். வீதத்தில் இஸ்திரிப் பெட்டியின் நூறில் ஒரு பங்குகூட இல்லாத பல்பு, மாதக் கணக்கில் அதைவிட அதிகம் எடுத்துக்கொள்கிறது.